பஸ்ஸுக்குப் பின்னால் ஓட்டோ: வழியில் காட்டும் குறிகளும் கைமருந்தும்

எங்கள் வீட்டு பஸ் ஒரு பழைய டொயோட்டா கோஸ்டர். சீட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு கட்டிலும் ஓர் அடுப்படியும் வைத்திருக்கிறோம். நிலாவெளியிலோ அறுகம்பேயிலோ கொண்டுபோய் நிறுத்தினால் அப்புறம் அதை அசைக்க மனம் வராது. பால் பக்கற் ஒன்று வாங்க அவ்வளவு பெரிய வண்டியை யார் எடுப்பது? அதனால் ஓட்டோவையும் கூடவே கொண்டுபோகிறோம். ஒருவர் அதைத் தனியே ஓட்டி வரலாம்தான். ஆனால் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் போகக் கூடாத வண்டியில் திருகோணமலையிலிருந்து அறுகம்பே வரை குலுங்கிக்கொண்டு வந்த மச்சான், இறங்கி முதுகை நிமிர்த்தியதும் சொன்னார்: "இனி என்னைக் கேக்காதீங்க."

அப்படித்தான் ரெயிலர் வந்தது. முன்பு நிலாவெளியில் படகு ஏற்றிய ரெயிலர் அது. வாங்கி, நடுவில் பலகை அடித்து, ஓட்டோ ஏறும்படி மாற்றினோம். முதல் இரண்டு பயணமும் பட்ட பாடு கொஞ்சமல்ல. கீழே இருப்பது அந்தப் பாட்டில் பிறந்தது. உங்கள் வண்டி என்ன குறி காட்டுகிறதோ அந்த இடத்திலிருந்து வாசியுங்கள். எந்தக் குறியென்று பிடிபடவில்லை என்றால் முதலாவதையே பாருங்கள். பாதிக் குற்றம் அதில்தான் இருக்கும்.

ஐம்பதைத் தொட்டால் வால் ஆடுகிறது

முதலில் லேசாக இடம் வலம் என்று அசையும். காற்று என்று நினைப்பீர்கள். வேகம் கூடக் கூட அசைவு பெரிதாகி, பஸ்ஸின் பின்பக்கத்தையே பிடித்து ஆட்டும். எங்களுக்கு இது தம்பலகாமம் தாண்டி நடந்தது. முந்திப்போன பஸ்ஸின் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "அண்ணே, பின்னால ஆடுது, பாருங்க!" என்று கத்திவிட்டுப் போனார்.

ஆடத் தொடங்கிய நேரத்தில் பிறேக்கை அழுத்தாதீர்கள். பஸ் வேகம் குறையும், ரெயிலர் குறையாது. பின்னாலிருந்து தள்ளி ஆட்டத்தை இன்னும் கூட்டும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துச் சமாளிக்கப் பார்ப்பதும் வேண்டாம். நேராகப் பிடித்தபடி அக்ஸிலேற்றரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். வேகம் இறங்க ஆட்டமும் அடங்கும். பிறகு ஓரம் கட்டுங்கள்.

காரணம் ரெயிலரின் மூக்கில், அதாவது பஸ்ஸில் கொளுவும் முனையில், போதிய பாரம் இல்லாதது. ரெயிலரும் சாமானுமாக மொத்தம் எவ்வளவோ, அதில் 10 முதல் 15 வீதம் மூக்கு வழியாக பஸ்ஸின் மேல் இறங்க வேண்டும். எங்கள் கணக்கு இது: வெறும் ரெயிலர் 240 கிலோ, ஓட்டோ 360 கிலோ, மொத்தம் 600. ஆகவே மூக்கில் 60 முதல் 90 கிலோ வேண்டும். அளந்து பார்த்தால் 30தான் இருந்தது.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டோவின் எஞ்சினும் கியர்பெட்டியும் பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கின்றன. நெல் ஆலைத் தராசில் முன்சக்கரத்தையும் பின்சக்கரங்களையும் வெவ்வேறாக ஏற்றி நிறுத்தோம். முன்னால் 120, பின்னால் 240. எல்லோரும் ஓட்டோவை முகம் முன்னால் இருக்க ஓட்டி ஏற்றுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஏற்றினோம். அப்போது பாரமான முதுகுப்பக்கம் ரெயிலரின் அச்சுக்குப் பின்னால் போய்விடுகிறது. அதே ஓட்டோவைத் திருப்பி, பின்பக்கம் பஸ்ஸைப் பார்க்க ஏற்றியதும் மூக்கில் 80 கிலோ வந்தது. ஒரு போல்ட்கூட மாற்றவில்லை. ஆட்டம் நின்றுவிட்டது.

மூக்கை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. வீட்டில் ஆட்கள் ஏறி நின்று பார்க்கும் தராசு போதும். ரெயிலரை மட்டமான தரையில் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிமிர்த்தி வையுங்கள். பஸ்ஸில் கொளுவும்போது மூக்கு எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குக் கட்டை வேண்டும். மூக்கை அதன் மேல் இறக்கினால் எண் தெரியும். குறைவென்றால் ஓட்டோவை முன்னே நகர்த்துங்கள், கூடினால் பின்னே. எங்கள் ரெயிலரில் மூக்கிலிருந்து அச்சு வரை இரண்டரை மீற்றர். ஓட்டோவை 10 சென்ரிமீற்றர் நகர்த்தினால் மூக்கில் ஏறக்குறைய 14 கிலோ மாறும். சரியான இடம் கிடைத்ததும் பலகையில் பெயின்ற்றால் கோடு போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் தராசைத் தூக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு விலக்கு உண்டு. வெளிநாடுகளில் ஓடும் கான்-ஆம் ஸ்பைடர் போன்ற மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்களுக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. அவற்றை முகம் முன்னால் வைத்துத்தான் ஏற்றுகிறார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்து ஓட்டோவையும் அப்படியே ஏற்றினால் எங்கள் கதைதான் உங்களுக்கும்.

மூக்குப் பாரம் சரியாக இருந்தும் ஆடுகிறதா? ரெயிலர் ரயர்களின் காற்றைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு இல்லாவிட்டால் ஆடும். அதுவும் சரியென்றால் காற்றுக் காலமா என்று பாருங்கள். ஆடி மாதத்துக் கச்சான் வீசும்போது கிண்ணியாப் பாலத்தில் ஏறினால் ஓட்டோவின் ஹூட் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். பாலத்தின் நீளம் 396 மீற்றர், ஒதுங்க இடமில்லை. ஏறுமுன்பே வேகத்தைக் குறைப்பது தவிர நாங்கள் வேறு வழி கண்டுபிடிக்கவில்லை. (வெளியூர் நண்பர்களுக்கு: இங்கே கச்சான் என்றால் கடலையும்தான், காற்றும்தான்.)

பஸ்ஸின் முன்பக்கம் தூக்குகிறது, ஸ்டியரிங் லேசாகிவிட்டது

இது முந்தியதற்கு எதிர்க் குற்றம். இரவில் எதிரே வருபவர்கள் லைட்டை அடித்து அடித்துக் காட்டினால் உங்கள் ஹெட்லைட் மரக்கிளைகளைப் பார்க்கிறது என்று அர்த்தம்.

கோஸ்டர் மாதிரி வண்டிகளில் பின்சக்கரத்துக்குப் பின்னால் உடம்பு நீளம். எங்களுடையதில் பின் அச்சிலிருந்து ரெயிலர் கொளுவும் குண்டு வரை இரண்டு மீற்றர். இரண்டு அச்சுகளுக்கும் இடையே நாலு மீற்றருக்குக் கிட்ட. ஒரு முனை இறங்க மறுமுனை ஏறும் சீசோ விளையாட்டுத்தான். மூக்கில் 80 கிலோ இறங்கினால் முன்சக்கரத்தில் 40 கிலோ கிளம்பும், பின் அச்சில் 120 ஏறும். அதோடு தண்ணீர்த் தாங்கியையும் காஸ் சிலிண்டரையும் பஸ்ஸின் வாலில் வைத்திருந்தால்? நாங்கள் வைத்திருந்தோம். தாங்கியை அச்சுகளுக்கு நடுவே கொண்டுவந்ததும் முகம் இறங்கியது.

மூக்குப் பாரத்தைக் குறைத்து இதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். அப்படிச் செய்தால் வாலாட்டம் திரும்பி வரும்.

பத்து கிலோமீற்றருக்குள் கட்டு தளர்ந்துவிடுகிறது

மாமாவுக்குப் படகு இருக்கிறது. "கடல்ல படகைக் கட்டுற கயிறு இந்த ஓட்டோவைக் கட்டாதா?" என்று நைலோன் கயிற்றைக் கொண்டுவந்து, அவிழ்க்கவே முடியாத முடிச்சுப் போட்டுத் தந்தார். முடிச்சு அவிழவில்லை. கயிறுதான் நீண்டது. அலை இழுக்கும்போது நைலோன் நீண்டு கொடுப்பதால்தான் நங்கூரத்துக்கு அது நல்லது. அதே குணம் இங்கே ஆகாது. அகலமான ரட்செட் பெல்ட் வாங்குங்கள்.

பெல்ட் போட்டும் தளர்கிறதென்றால் கட்டிய இடம் பிழை. ஓட்டோவின் உடம்பிலோ ஹூட் கம்பியிலோ கட்டினால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்பிரிங் அமுங்கும், உடம்பு கீழே இறங்கும், அந்த ஒரு கணம் பெல்ட் தொய்ந்து கொக்கி கழன்றுவிடும். ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் பாகங்களைப் பிடியுங்கள். பின்னால் இரண்டு சக்கரத்தையும் தாங்கும் கைகளில், சக்கரத்துக்குக் கிட்ட, பக்கத்துக்கு ஒன்று. முன்னால் ஒற்றைச் சக்கரத்தின் ரிம் வழியாகச் சுற்றி இடமும் வலமுமாக இரண்டு. ஹாண்டிலில் மட்டும் கட்டி முன்பக்கத்தைப் பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். வளைவில் ஹாண்டில் திரும்பும், கட்டும் அதோடு போகும். பெல்ட்டின் மறுமுனை ரெயிலரின் இரும்புச் சட்டத்தில் இருக்க வேண்டும், பலகையில் கூடாது. மூன்று சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை அடியுங்கள். கியரில் போட்டு ஹாண்ட்பிறேக்கையும் இழுத்து விடலாம், ஆனால் வண்டியைப் பிடிப்பது பெல்ட்தான்.

எப்படிக் கட்டினாலும் புறப்பட்டுச் சிறிது தூரத்தில் ஒரு தடவை இறங்கி இறுக்க வேண்டும். நாங்கள் சீனன்குடாவில் ஒரு முறையும் கந்தளாயில் ஒரு முறையும் பார்க்கிறோம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை கடக்கும் காடு. மாலையில் அங்கே இறங்கி பெல்ட் பார்க்கும் வேலை வேண்டாம், கந்தளாயிலேயே ஒழுங்காக முடித்துவிடுங்கள்.

பெல்ட் 'உம்ம்ம்' என்று ஊதுகிறதா? காற்றில் அதிர்கிறது. ஒரு முறுக்குக் கொடுத்துக் கட்டினால் வாய் மூடிவிடும். இரும்பு விளிம்பில் உராயும் இடத்தில் பழைய ட்யூப் துண்டு ஒன்றைச் சுற்றிவிடுங்கள்.

ஏற்றும்போது மூக்கு மேலே கிளம்புகிறது

ரெயிலரை பஸ்ஸில் கொளுவாமல் ஏற்றப் பார்த்திருப்பீர்கள். ஓட்டோவின் பின்சக்கரம் இரண்டும் ரெயிலர் வாலில் ஏறும் நேரத்தில் 240 கிலோவும் அச்சுக்குப் பின்னால் நிற்கிறது. மூக்கு துள்ளத்தான் செய்யும். முதலில் கொளுவுங்கள், பிறகு வாலுக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஏற்றி முடித்ததும் கட்டையை எடுக்க மறக்க வேண்டாம். ஒரு நாள் நாங்கள் எடுக்காமலே வெளிக்கிட்டோம். சத்தம் கேட்டு அயலெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது.

ஓட்டோவுக்கு ரிவர்ஸ் கியர் இருக்கிறதுதானே, அதில் போட்டு ஏற்றினால் என்ன என்று தம்பிமார் கேட்பார்கள். ஏறும். ஆனால் சறுக்கினால் உள்ளே ஆள் இருப்பார். படகு ரெயிலரில் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் மூக்கிலிருந்த கைவின்ச். பின்சக்கரக் கைகள் இரண்டிலும் வார் கட்டி, வின்ச்சில் கொளுவி, மெதுவாகச் சுற்றினால் ஓட்டோ தானாக ஏறும். ஒருவர் பக்கத்தில் நின்று ஹாண்டிலை நேராகப் பிடிக்க வேண்டும். பின்னோக்கிப் போகும்போது ஒற்றைச் சக்கரம் தன் பாட்டில் திரும்பிவிடும். வண்டிக்குப் பின்னால், சரிவில், யாரும் நிற்கக் கூடாது, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள்.

அந்த ஒற்றைச் சக்கரம் இன்னொரு தொல்லையும் தரும். கார் ஏற்றும் ரெயிலரிலும் படகு ரெயிலரிலும் இரண்டு பக்கம்தான் தடம், நடு வெறும் பள்ளம். முழுத் தட்டும் பலகை அடியுங்கள், அல்லது நடுவில் மூன்றாவது தடம் ஒன்று வையுங்கள். ஏற்றுப் பலகையும் மூன்று வேண்டும்.

சக்கரத்தின் நடு கொதிக்கிறது

கந்தளாயில் நிறுத்தும்போது பெல்ட்டோடு இதையும் பாருங்கள். ரெயிலர் சக்கரத்தின் நடுவில் கையை வையுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் அளவு இளஞ்சூடு என்றால் ஒன்றுமில்லை. கை வைத்திருக்க முடியாத சூடு என்றால், அதிலும் ஒரு பக்கம் மட்டும் அப்படியென்றால், பெயாரிங் போய்க்கொண்டிருக்கிறது. அதோடு ஹபரணை வரை போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். சக்கரம் கழன்று தனியே ஓடும்.

திருகோணமலையில் பழைய படகு ரெயிலர் வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே எதிர்பார்க்க வேண்டும். ரோட்டில் ஓடிச் சூடாகி வந்த ரெயிலரை நேரே கடலுக்குள் இறக்குவார்கள். உள்ளேயிருக்கும் சூட்டுக் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அந்த இழுப்பில் சீலைத் தாண்டி உப்புத் தண்ணீர் உள்ளே போகும். மூடியைக் கழற்றினால் கிறீஸ் பாலும் தயிருமாக வெளுத்திருக்கும். அப்படிக் கண்டால் கிறீஸை மட்டும் மாற்றி ஏமாற வேண்டாம். பெயாரிங்கையும் சீலையும் சேர்த்து மாற்றுங்கள், எங்களுக்கு அதன் பிறகு இந்தத் தொல்லை வரவில்லை.

சின்னச் சக்கரம் கூடுதலாகச் சுடும். ஓட்டோவுக்குப் போடும் 4.00-8 ரயரையே (8 அங்குல ரிம்) ரெயிலருக்கும் போடுகிறவர்கள் உண்டு. மணிக்கு 60 கிலோமீற்றரில் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 770 முறை போல் சுற்றும். 13 அங்குல ரிம்மில் கார் ரயர் போட்டால் 560 அளவில் வேலை முடிந்துவிடும். எங்களிடம் கேட்டால் 13தான்.

லைட் மங்குகிறது, பிறேக் போட்டால் சிக்னலும் சேர்ந்து மினுங்குகிறது

எர்த் இல்லை. பல வெல்டிங் கடைகளில் எர்த் வயர் போடாமல், பஸ்ஸின் குண்டும் அதன் மேல் இறங்கும் ரெயிலர்க் கிண்ணமும் தொடும் இரும்பு வழியாகவே மின்சாரம் திரும்பிப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அங்கே கிறீஸும் உப்புத் துருவும். பிளக்கிலிருந்து வெள்ளை வயர் ஒன்றை நேராக இழுத்து ஒவ்வொரு லைட்டுக்கும் கொடுங்கள். அரை நாள் வேலை.

போட்ட உடனேயே பல்ப் 'பட்' என்று போகிறதா? உங்கள் பஸ் 24 வோல்ட்டாக இருக்கும். டீசல் கோஸ்டர்களில் இரண்டு பற்றரியைத் தொடராக இணைத்து 24 கொடுப்பது வழக்கம். ரெயிலரோடு வந்த பல்ப் 12. எலக்ட்ரீசியன் இரண்டு செட் பல்ப்பை எரித்த பிறகுதான் பற்றரிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். அவரைக் குறை சொல்லவில்லை, பற்றரி இரண்டென்று தெரிந்திருந்தும் நான்தான் சொல்லவில்லை.

பிறேக் போடும்போது பின்னால் டக் டக்

குண்டும் கிண்ணமும் அளவு பொருந்தவில்லை. 50 மில்லிமீற்றர் குண்டும் உண்டு, 2 அங்குலக் குண்டும் உண்டு; 2 அங்குலம் 50.8 மில்லிமீற்றர். பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். 50க்குச் செய்த கிண்ணம் 2 அங்குலக் குண்டில் முழுதாக இறங்காமல் பூட்டியதுபோல் நடிக்கும். கண்ணளவெல்லாம் இங்கே உதவாது, இரண்டிலும் பொறித்த எண்ணைப் பாருங்கள். பூட்டிய பிறகு மூக்குக்குக் கீழே ஜக் வைத்துத் தூக்குங்கள். பஸ்ஸின் பின்பக்கமும் கூடவே கிளம்பினால் பூட்டு சரி. மூக்கு மட்டும் கிளம்பினால் நீங்கள் தப்பிவிட்டீர்கள், கழற்றி மறுபடி கொளுவுங்கள்.

காவல் சங்கிலி இரண்டையும் மூக்குக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் அந்தக் குறுக்கில் விழும்.

ரெயிலர் இல்லாமல் கட்டி இழுத்தோம், இப்போது கியர்பெட்டி சத்தம் போடுகிறது

ஓட்டோவை ஓடவைப்பது பின்சக்கரம். அது உருண்டால் எஞ்சின் நின்றிருந்தாலும் கியர்பெட்டிக்குள் பாகங்கள் சுற்றும். பழுதான வண்டியைப் பக்கத்துக் கராஜுக்கு இழுப்பது வேறு, ஊர்விட்டு ஊர் இழுப்பது வேறு. ஸ்பைடரையும் உருட்டி இழுக்கக் கூடாது. அதுவும் பின்சக்கரத்தில் ஓடுவது. இனி எண்ணெயை இறக்கிப் பாருங்கள், இரும்புத்தூள் மினுங்கினால் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

ஹூட் படபடக்கிறது, கிழிகிறது

இது நாங்கள் சொன்னதைக் கேட்டதால் வந்த வினை. ஓட்டோ முன்னோக்கி ஓடும்போது வரும் காற்றுக்கு ஏற்றபடிதான் ரெக்சின் தைத்திருக்கிறது. திருப்பி ஏற்றினால் காற்று தையலுக்கு எதிராக அடிக்கும். ஹூட்டின் மேல் பழைய மீன்வலை ஒன்றைப் போட்டு நாலு மூலையும் இழுத்துக் கட்டுகிறோம். மாமாவின் கயிறு கடைசியில் இதற்குத்தான் பயன்பட்டது.

போய்ச் சேர்ந்து இறக்கினால் ஓட்டோ ஸ்டார்ட் ஆகவில்லை

பற்றரியைக் கழற்றாதீர்கள், பிளக்கைக் கழற்றாதீர்கள், ஏற்றுமுன் மூடிய பெற்றோல் குழாயைத் திறந்தீர்களா என்று பாருங்கள். காபுரேற்றர் வண்டியென்றால் மூடித்தான் ஏற்ற வேண்டும். குலுக்கலில் பெற்றோல் வழிந்து பஸ் முழுதும் மணக்கும். மூடிய கையால் அதைத் திறக்க மறப்பது எல்லோருக்கும் நடக்கிறது. நிலாவெளியில் நாங்கள் மூன்று பேர் முறைவைத்து இருபது நிமிடம் இழுத்தோம். நின்று பார்த்துக்கொண்டிருந்த ஐஸ்கிரீம்காரத் தம்பிதான் குனிந்து குழாயைத் திருப்பினார்.